பிரிஜ்ஜுக்குள் போன புத்தகம்

எங்கள் கடையில் சோடாப் போத்தல்களைக் குளிர வைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கதவு பிரிஜ் ஒருநாள் மூச்சை விட்டது. வாப்பா அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கப் பார்த்தார். அவருடைய தம்பி, என் சாச்சா, விடவில்லை. எந்தச் சாமானையும் சாகவிடாத மனிதர் அவர். பிரிஜ்ஜை இழுத்து வந்து வீட்டு வாசல் கேற்றடியில் நிறுத்தினார். கடற்காற்றும் கறையானும் புகாத இதைவிட நல்ல புத்தகப் பெட்டி கல்முனையிலேயே கிடையாது என்று அறிவித்தார். யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம்.

பெட்டி கிடைத்துவிட்டது, புத்தகத்துக்கு எங்கே போவது? வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளி அடுக்கினார். அதில் பேச்சுப் போட்டியில் நான் வாங்கிய பரிசுப் புத்தகமும் போய்விட்டது. தீவொன்றில் தனியே மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் கதை. படகு வந்து அவர்களை மீட்டதா இல்லையா என்று தெரிய எனக்குக் கடைசி அத்தியாயம் மட்டுமே பாக்கி. பாடசாலை விட்டு வருவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

அழுது ஊரைக் கூட்டினேன்.

"நாலு பேர் வாசிக்கட்டுமே புள்ள" என்றார் சாச்சா. அதற்காக அவரோடு கொஞ்ச நாள் கதைக்கவே இல்லை.

பிறகு நானே தேடப் புறப்பட்டேன். அதுவரை எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஒரு வீட்டில் தொதல் தந்தார்கள், இன்னொரு வீட்டில் வட்டிலப்பம் தந்தார்கள், புத்தகத்தை மட்டும் யாரும் தரவில்லை. கோபத்தோடு போய் வயிறு நிறைந்து திரும்பினேன்.

கடைசியில் தையல்கார ராத்தாதான் விஷயத்தைச் சொன்னார். அவர் வாசித்துத் திருப்பி வைத்ததை மூலை வீட்டு லொறிக்கார மாமா எடுத்துப் போனாராம். அந்த மாமாவோ திடீரென்று மௌத்தாகிவிட்டார். மாமி இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும்வரை வெளியே போகமாட்டார்.

"அங்க போய் புத்தகம் கேட்டு நிக்காத" என்று உம்மா எச்சரித்தார். நான் போனேன்.

மாமி வெள்ளைச் சேலையோடு கட்டிலில் இருந்தார். பக்கத்தில் என் புத்தகம். நடுவில் ஒரு பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது. புத்தகத்தை மடிப்பவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. உடனே நகத்தால் நிமிர்த்தத் தொடங்கினேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிமித்தாத மகள். மாமா அதுவரைக்கும்தான் எனக்கு வாசிச்சிக் காட்டினவர்."

"மிச்சத்த நீங்க வாசிக்கல்லையா?"

"இல்ல."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா மாமி?"

"தெரியும்" என்றார். பிடித்த கையை விடாமலே, "நீ வாசிச்சிக் காட்டுறியா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து குர்ஆன் ஓதப்பள்ளி விட்டதும் அங்கே போவேன். மடித்த இடத்திலிருந்து தொடங்கினேன். மாமி கண்ணை மூடிக் கேட்பார். நான் அவசரப்பட்டால், "மெல்ல வாசி" என்பார். தையல்கார ராத்தா பொத்தான் தைக்கும் வேலையோடு வந்து உட்கார்ந்தார். துக்க வீட்டுக்கு வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கியிருந்த மற்றப் பெண்களும் வந்தார்கள். கதையில் படகு கரையைத் தொட்ட அன்று, தங்கள் பிள்ளைகளே வந்து சேர்ந்ததுபோல எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இத்தா முடிந்ததும் மாமி முதலில் வந்தது எங்கள் கேற்றடிக்குத்தான். என் புத்தகத்தை என்னிடம் தராமல் பிரிஜ்ஜுக்குள் வைத்தார். பக்கம் இன்னும் மடித்தபடியே இருந்தது. நானும் திருப்பிக் கேட்கவில்லை. மாமி வேறொரு புத்தகத்தைத் தேடி எடுத்து, பின்னட்டையில் இருந்ததைச் சத்தமில்லாமல் படித்துப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார்.

"பின்னேரம் வா மகள்."

பாவம், பின்னட்டை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்போல, முழுப் புத்தகம் வாசிக்கத் தெரியாது, அன்றைக்கு வெட்கத்தில் 'தெரியும்' என்று சொல்லிவிட்டார் என்று முடிவுகட்டினேன். அவருடைய மானம் போய்விடக் கூடாதே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.