மிர்பாத் கடலில் லீமா எண்ணிய மூச்சு

ஓமான் நாட்டில் சலாலாவிலிருந்து மிர்பாத் வரை திமிங்கலம் காட்டும் படகுக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் கிளிட்டஸ் ஒருவர்தான். அவரே அப்படித்தான் சொல்வார். நாமும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கன்னியாகுமரிக் கரையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அறுபத்திரண்டு வயதில் இன்று இரட்டை எஞ்சின் படகு அவர் சொன்னபடி கேட்கிறது. யார் தயவிலும் வந்த உயரமல்ல அது.

அந்த உயரத்துக்கும் ஒரு குறை. ஆஸ்பத்திரி நர்சான மனைவி லீமா அவர் படகில் கால் வைத்ததே இல்லை. அவள் தம்பி இஸ்ரவேல் துபாய் ஜெபல் அலியில் ஒரு குடோன் வேலையை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தான். “வயசாச்சு, கரையில இரும்” என்று வீட்டில் தினமும் ஒரே பாட்டு. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். லீமா ஒரே ஒரு நாள் படகில் வருவாள். அவள் பயந்துவிட்டால் கிளிட்டஸ் கடலை விட்டுவிட வேண்டும்.

சாரல் காலம் போன பின் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெண்மை. லீமாவோடு படகிலிருந்த டூரிஸ்ட் தம்பதிகூடக் குசுகுசுவென்றே பேசினார்கள். தூரத்தில் ஒரு மூச்சு வெள்ளைத் தூணாக எழுந்து, புகையாகக் கரைந்தது.

“பாத்தியா! நான் கூப்பிட்டா வரும்.”

“நீரு கூப்பிட்டா நம்ம வீட்டுப் பூனையே வராது.”

எஞ்சினை நியூட்ரலில் போட்டுச் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற படகுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே கிளிட்டஸ்தான். அப்போது படகுக்கு அடியில் திமிங்கலத்தின் வெளிறிய துடுப்பு ஒன்று சிறகுபோல் விரிந்து கடந்து போயிற்று. நூறு திமிங்கலம் காட்டியவர்தான். இத்தனை கிட்டத்தில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. கை தன்பாட்டுக்கு எழுந்து படகின் விலாவைப் படபடவென்று தட்டியது. ஊரில் வள்ளத்தோரம் திமிங்கலம் வந்தால் பலகையைத் தட்டித்தான் விரட்டுவார்கள்.

இந்தத் திமிங்கலத்துக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. போய்க்கொண்டிருந்தது, யாரோ கதவைத் தட்டினாற்போல் திரும்பி வந்தது.

முண்டும் முடிச்சுமான தலை லீமாவின் பக்கமாக மெல்ல எழுந்தது. சுருங்கிய இமைக்குள் ஒரு கண். அது அவளையே பார்த்தது. மூச்சு வெடித்தது, மீன் நாற்றமடித்த ஈரம் அவள் முக்காட்டில் பூந்தூறலாக இறங்கியது. மடிப்பிள்ளையை இடம் மாற்றுவதுபோல் படகு ஒரு சாண் உயர்ந்து தாழ்ந்தது.

கிளிட்டஸ் கண்ணை இறுக மூடி மாதாவைக் கூப்பிட்டார். மீண்டும் திறந்தபோது லீமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி செய்யுத?”

“பேயாம இரும். எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

கட்டிலோரம் நின்று நோயாளியின் நெஞ்சைப் பார்க்கிற அதே பார்வை. இன்னொரு மூச்சு வெடித்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“மூணு நிமிசத்துக்கு ஒண்ணு. நல்ல நிதானமான மூச்சு. உம்ம மூச்சுதான் சரியில்ல.”

அது அவசரப்படாமல் இறங்கிப் போயிற்று. தண்ணீர்மேல் வழவழப்பான ஒரு வட்டம் மட்டும் நெடுநேரம் கலையாமல் நின்றது.

கரை நெருங்கி சிக்னல் வந்ததும் இஸ்ரவேலின் போன். கிளிட்டஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

“அக்கா, அத்தான் எப்பம் வாறாரு?”

“வரல்ல. அந்த வேலைய வேற யாருக்காவது கொடு.”

“அப்பம் நீ பயப்படலியா?”

“படகுல ஒரு ஆளு பயந்தாரு. அது நானில்ல. வையி போன, அடுத்த வெள்ளிக்கும் டூட்டி மாத்தணும், நர்சிங் சூப்பர்வைசர விளிக்கணும்.”