கிழக்குச் சுவருக்கு ஈரச் சாக்கு

இரண்டு கைகள் சாக்கை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பிழிந்து, நோகாமல் சுவரில் ஒற்றின. விரல்கள் விறைத்திருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அடைத்த சுண்ணாம்புச் சாந்து நேற்றையது. காற்றுப் பட்டு அவசரமாகக் காய்ந்தால் பொடியாகி உதிரும். உறைபனி பிடித்தாலும் அதே கதிதான்.

கஜரூபனின் கைகள் அவை. ஜெர்மனியில் ஹனோவரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய அந்த ஊரில், எண்ணூறு வருடப் பழைய தேவாலயம் ஒன்று இடிந்து கிடந்தது. அதைத் திருத்தி, ஞாயிறுகளில் ஆராதனைக்கும் மற்ற நாள்களில் பார்க்க வருபவர்களுக்கும் திறந்துவிட ஊர்ச்சபை முடிவெடுத்திருந்தது. பலிபீடம் கிழக்குச் சுவரின் அடியில். அந்தச் சுவர் உறுதி என்று அதிகாரிகள் சொல்லும்வரை சுற்றுவேலியை எடுக்கமாட்டார்கள்.

செப்டெம்பரிலேயே அந்தச் சுவரின் இடுக்குகளை அவர் அடைத்து முடித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் சீமெந்து பூசிப் பழகிய கை, சாந்தைக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் மெச்சினார்கள். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அன்னா வந்து ஓரிடத்தை ஆணியால் கீறினாள். மேலே ஓடுபோல் இறுகியிருந்தது. உள்ளே நனைந்த மாவாக இருந்தது. இப்படி மூடினால் சுண்ணாம்பு மூச்சுவிட வழியில்லை என்றாள். அதட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி அடைத்தார். இம்முறை சாந்து பாதி இறுகியதும் முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினார். அதற்குள் மற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சாக்கு நனைக்க ஓராள் போதும். பிழை விட்டவர் தானே நின்றார்.

இரவும் அங்கேயே தகரக் கொட்டிலில் தங்கினார். ஒருவருக்குச் சோறு வடிப்பதும் ஒரு வேலையா? நாயோடு நடக்க வருகிற கிழவர் காலையில் தலையசைப்பார். மழை நாளில் அதுவும் இல்லை. ஒருநாள் கஜரூபன் சுவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார்.

கொலோனிலிருந்து மனைவி மகாதேவி அழைத்தாள். மகள் வேணுஜாவுக்குச் சனிக்கிழமை பட்டமளிப்பு.

"வாறியளோ?"

"ஏலாது. சனி பனி விழுமாம். போர்த்தி மூட இஞ்ச ஆரும் இல்லை. திரும்பவும் பழுதாப் போச்செண்டால் இந்த வருசம் திறக்கமாட்டினம்."

"எனக்குக் காய்ச்சல் வந்தநேரம் ஒருக்காலாவது ஈரச்சீலை போட்டனீங்களே?"

அவர் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சரி. சுவரை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஈரச் சாக்குகளை அகற்றி, காய்ந்த சாக்கும் கம்பளியும் போர்த்திக் கட்டினார். போதாத மூலைக்குத் தன் போர்வையைக் கொடுத்தார். கைபேசியில் வேணுஜாவின் படம் வந்தது. கறுப்பு அங்கி, பக்கத்தில் தாய். பெரிதாக்கிப் பார்க்கத் தொட்டதும் மகளின் முகத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்க வெள்ளை பரவியது.

கிறிஸ்துமஸுக்கு முன் அன்னா ஆணியோடு வந்தாள். ஓரிடம், இன்னோரிடம், பனி அதிகம் அடித்த மூலை. அழுத்திக் கீறியும் உள்ளே மாவு இல்லை; ஆணி வழுக்கியது. அவள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஞாயிறு முதல் ஆராதனைக்கு நிற்பீர்களா என்று கேட்டாள்.

"இல்லை. வீட்டுக்குப் போகவேணும்" என்றார் ஜெர்மனில்.

மடித்து அடுக்கிய சாக்குகளைக் காட்டினார். பிறகு வேலிக் கதவுப் பூட்டின் திறப்பை வளையத்திலிருந்து கழற்றி, காற்சட்டையில் துடைத்து, அவள் கையில் வைத்தார்.