நச்சத்தர் மாஸ்டரின் வாசல் மெட்டு

பஞ்சாபில், எங்கள் ஜக்ராவில் பேண்டு மாஸ்டர் நச்சத்தர் கிளாரினெட்டை வாயில் வைத்தால், மாப்பிள்ளை ஏறி வந்த குதிரை கால் மாற்றி ஆடும். ஒருமுறை ஆடிய ஆட்டத்தில் மாப்பிள்ளையைப் பெண்வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் இறக்கியதாம். நான் பாதியைத்தான் நம்புகிறேன். பக்கத்து ஊர் கொஞ்சம் அதிகம்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பேண்டில் உள்ள பதினோரு பேருக்கும் தனித்தனியாக, ஒருவனுக்குச் சொல்வது இன்னொருவன் காதில் விழாமல், வாயால் பாடிக் கற்றுக்கொடுப்பார். பெரிய குழல் ஊதும் பூரனுக்கு அவன் பங்கு மட்டும் தெரியும்; தம்பட்டக்காரனுக்கு அவன் பங்கு. தெருவில் வாசிக்கும் மெட்டுகளைப் பழக்கத்தில் ஊதிவிடலாம். ஆனால் ஊர்வலம் பெண்வீட்டு வாசலை அடைந்து, இருவீட்டுப் பெரியவர்களும் மாலை மாற்றிக்கொள்ளும்போது வாசிக்கிற மெட்டு வேறு. அதில் யார் எப்போது நுழைவது என்பது மாஸ்டரின் விரலில் மட்டும் இருந்தது.

அவர் மனைவி சிந்தோவின் தம்பி தர்பாரா, பேண்டு கடையில் உட்கார்ந்து கல்யாணத் தேதிகளைக் குறித்துக்கொள்பவன். அக்கா புருஷனை 'ஜீஜா' என்றுதான் கூப்பிடுவான்; கிளாரினெட்டும் அவரிடமே கற்றவன். ஊர்வலத்தோடு நடக்கச் சொன்னால் மட்டும் முழங்கால் வலிக்கும்.

கனடாவில் குடியேறிய ஒரு குடும்பம், மகன் கல்யாணத்துக்கு இந்த பேண்டுதான் வேண்டும் என்று கேட்டு எழுதியது. நச்சத்தர் அதன்பின் வானத்தில் விமானம் போனால் கும்பிட ஆரம்பித்தார்.

"ஜீஜா, விசா ஆபீசர் இங்கிலீஷ்லதான் கேப்பான். 'என்ன வேலை செய்யறே'ம்பான். நீங்க தலையைச் சொறிஞ்சா பன்னெண்டு பேர் பயணமும் போச்சு. மூணு மாசம் மோகா டவுன்ல கோச்சிங் கிளாஸ் போங்க. அதுவரைக்கும் நான் ஒரு கல்யாணமும் ஒத்துக்கலை" என்றான் தர்பாரா.

"நாப்பத்தெட்டு வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காரணுமாடா?"

"மீசைக்கு மை போட்டுட்டுப் போங்க!"

போனார். ரம்னீக் மேடம் ஒருநாள் 'ஆர்க்கெஸ்ட்ரேட்' என்ற சொல்லைப் பலகையில் எழுதியதும் வகுப்பே கெக்கலித்தது. எங்கள் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மேடையில் ஜிகினா உடுப்போடு ஆடும் பெண்கள்தானே.

"மேடம், நான் ஆட்டக்காரிங்களைக் கூட்டிட்டு வர்றவன் இல்லை" என்று நச்சத்தர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க மாஸ்டர்ஜி. கல்யாண வீட்டுல நாவிதர் வீட்டம்மா என்ன செய்வாங்க? யார் விளக்கைத் தூக்கணும், யார் எண்ணெய் வைக்கணும், யார் எப்ப உள்ள வரணும், எல்லாம் அவங்க கண்ணசைவுல நடக்குதுல்ல? வாத்தியங்களை வெச்சு நீங்க அதைச் செய்யறீங்க. அதுதான் இது."

மாஸ்டரின் முகம் பூரித்தது. முப்பது வருஷமாகச் செய்த வேலைக்கு இங்கிலீஷில் பெயர் இருக்கிறதே!

"இன்னொண்ணும் இருக்கு. தன் கை வெளியில தெரியாம ஒரு காரியத்தை ஆள்வெச்சு நடத்தினாலும் இதே சொல்தான்."

"அது எனக்கு வேண்டாம் மேடம், ஆபீசர் கேக்க மாட்டான்" என்று நோட்டை மூடிவிட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து திரும்புகையில் கல்யாண ஊர்வலம் ஒன்று பேருந்தை மறித்தது. முன்னிருக்கையில் கண்ணயர்ந்திருந்த நச்சத்தர், பூரனின் குழலைக் கேட்டு விழித்தார். அடுத்து ஒவ்வொருவராக, பதினோரு பேரும். முன்னால் கிளாரினெட்டோடு தர்பாரா. தலையில் மாஸ்டரின் சிவப்புத் தலைப்பாகை, விசிறி மடிப்பு கஞ்சியில் விறைத்து நின்றது. அந்த மடிப்பு ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் வரும்.

பேருந்திலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு நடந்தார். மாப்பிள்ளை முன்னால் சண்டை போட்டால் அபசகுனம்.

பெண்வீட்டு வாசல் வந்தது. இரு பக்கத்துப் பெரியவர்களும் மாலையோடு நின்றார்கள். தர்பாரா கிளாரினெட்டை உயர்த்தினான். ஒருவரும் ஊதவில்லை. தம்பட்டக்காரன் பூரனைப் பார்த்தான், பூரன் தரையைப் பார்த்தான்.

"என்னப்பா, காத்து போயிடுச்சா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் தாயார் முகம் வெளுத்தது.

அப்போது பூரன், கூட்டத்தில் மாஸ்டரைக் கண்டுவிட்டான். பதினோரு பேரும் திரும்பினார்கள். மனசு முடிவெடுக்கும் முன்னே நச்சத்தரின் விரல் எழுந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம். பூரன் நுழைந்தான், பிறகு ஒவ்வொரு வாத்தியமாக. மாலைகள் மாறின. அவ்வளவு அழகாக அந்த மெட்டு அதற்குமுன் ஒலித்ததில்லை என்கிறார்கள். இதை முழுசாக நம்புகிறேன். தர்பாரா மட்டும் ஊதவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்தான். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க ஜீஜா. பூரனுக்கப்புறம் யாரு, ரெண்டாவது தம்பட்டமா? சின்ன முரசா?"

நச்சத்தர் விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சிந்தோ சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டது நீதானே?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நீங்க இங்கிலீஷ்ல தேற மாட்டீங்கன்னு அவன் சொன்னான். அவன் பத்தாவது பாஸ். கனடா காகிதத்துல மாஸ்டர்னு அவன் பேரைப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசமா? தெனமும் எனக்கு டிபன் கட்டிக் குடுத்தியேடி!"

"பசியோட அனுப்ப முடியுமா?" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு காலை, பனி விலகும் முன்பே, தர்பாராவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். வண்டி ஏறும் முன் பூரன் மட்டும் வந்து மாஸ்டர் காலைத் தொடக் குனிந்தான். மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.