நூல் பாஸ்தாவில் காரட் துண்டு

எங்கள் ஊர்க்காரர்களைப் போல வாய் ருசிக்கு நுணுக்கம் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை. தேனியில் எந்தக் கடையிலாவது பரோட்டாவுக்கு ரசத்தை ஊற்றிப் பாருங்கள், இலை பறக்கும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், பணியாரத்துக்குக் கெட்டிச் சட்னி என்று ஒவ்வொன்றுக்கும் ஜோடி வைத்திருக்கிறோம். ஜோடி மாறினால் கல்லாவில் இருப்பவரின் பரம்பரையே சந்திக்கு வந்துவிடும். அதே ஆட்கள் பாஸ்தா என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்ததும் வாயைத் தைத்துக்கொள்கிறார்கள். எதன் மேல் எதைக் கொட்டினாலும் சரி. வெளிநாட்டுச் சாப்பாடு, இப்படித்தான் இருக்கும்போல என்று தின்றுவிட்டுப் போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இது எனக்கு உறைத்தது மகளின் மசக்கையின்போது. பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தாளிக்கிற வாசம் வந்தால் போதும், குளியலறைக்கு ஓடுவாள். "நாளைக்கும் எதுவும் தங்கலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனைவி துணிமணிகளைப் பையில் அடைத்துக் கதவோரம் வைத்தேவிட்டாள். கஞ்சி, இட்லி எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிய மகள், அவளாகக் கேட்டது ஒன்றுதான்.

"பாஸ்தா கெடச்சா சாப்பிடுவேம்ப்பா. ஆபீஸ் கேன்டீன்ல அது மட்டும்தான் உள்ள நின்னுச்சு."

என் மனைவியின் தம்பி உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு, பைபாஸில் புதிதாகத் திறந்த ஹோட்டலுக்குப் பறந்தான். அவன் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். நூல் நூலாக நீளப் பாஸ்தா. அதன் மேல் கட்டைவிரல் தண்டிக்குக் காரட், பீன்ஸ், பன்னீர். முள்கரண்டியில் சுற்றினால் நூல் மட்டும் வருகிறது. காயெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இடியாப்பத்துக்குச் சுண்டலைத் தொட்டுக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? மகள் ஒரு பார்வை பார்த்தாள். ஓடினாள்.

"ஏன் மாப்ள, என்னத்தக் கட்டுறாகன்னு பாக்க மாட்டியா?"

"மாஸ்டர் கோவாவுல இருந்து வந்தவுகளாம் மாமா. இம்புட்டு ஒசரத்துக்குத் தொப்பியெல்லாம் போட்டிருக்காக."

"தொப்பியவா திங்கப் போறா?" என்றாள் மனைவி.

அடுத்து, தெருமுனை பேக்கரி. அங்கே சிப்பி வடிவத்தில் பாஸ்தா, அதற்குக் கழனித்தண்ணீர் போல ஒரு வெள்ளை சாஸ். சிப்பிகள் வைகை அணைப் படகு மாதிரி மிதந்தன. அந்த ஹோட்டல் காரட் துண்டுகள் போய்ப் படுக்க வேண்டிய குழிகள் இங்கே சும்மா கிடந்தன. இதையும் நாலு பேர் நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாங்காமலே வந்தேன். அவர்களைச் சொல்ல வேண்டும்.

மகளிடமே போய் உட்கார்ந்தேன். "ஒங்க கேன்டீன்ல அது எப்படி ஆத்தா இருக்கும்?"

"முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும்ப்பா. தக்காளி செவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். வேற ஒண்ணும் கெடையாது."

எனக்கு இரும்புக்கடை வியாபாரம். மரை போட்ட போல்ட்டில் கிரீஸ் தங்கும், வழவழப்பான கம்பியில் வழிந்து போகும். இது பாஸ்தாவுக்கும் பொருந்தும் என்று கோவாத் தொப்பிக்கு யாரும் சொல்லவில்லைபோல.

திருகு பாஸ்தா ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். தக்காளியை வேகவைத்துத் தாளிப்பில்லாமல் மசித்துக் கெட்டியாக்கினேன். மனைவி பாஸ்தாவை வேகவைத்து, சேமியாவுக்குச் செய்கிற வழக்கப்படி வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி நீட்டினாள். கலந்தேன். தக்காளி வழுக்குமரம் ஏறின கதையாகக் கீழே வந்துவிட்டது.

"பசையப் பூராம் கழுவி விட்டுட்டியே, பெறகு எப்படி ஒட்டும்?"

"சேமியாவுக்கு அப்படித்தான செய்வோம்?"

"சேமியா பாயசத்துல நீந்தணும். இது புடிச்சுக்கிறணும்."

"அப்ப நீங்களே கிண்டுங்க, எல்லாந் தெரிஞ்சவுகதான."

கிண்டினேன். இம்முறை அலசாமல், வெந்த சூட்டோடு தக்காளியில் அள்ளிப் போட்டு, வேகவைத்த தண்ணீரிலேயே ஒரு கரண்டி விட்டுப் புரட்டினேன். ஒவ்வொரு திருகின் இடுக்கிலும் சிவப்பு ஏறி நின்றது.

மகள் ஒன்றைக் கடித்தாள். நாங்கள் மூவரும் அவளைப் பார்க்கவில்லை, குளியலறைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று எடுத்தாள். கிண்ணம் காலியானபோது அடியில் ஒரு சொட்டுச் சாறுகூட மிச்சமில்லை. சாய்ந்து உட்கார்ந்தாள். நேரம் போனது. ஓடவில்லை.

"இன்னும் இருக்காப்பா?"

அடுப்படிக்கு ஓடினேன். மனைவியின் தம்பி எனக்கு முன்னே போய்ச் சட்டியில் இருந்ததைத் தட்டில் கவிழ்த்து, மத்தியான ரசத்தை மேலே ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏன் மாமா மொறைக்கிறீக? ரொம்ப வறட்டுனு இருந்துச்சு."

பிடித்துக்கொண்டிருந்த தக்காளி மொத்தமும் ரசத்தில் கரைந்து ஓடியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கூடத்தில் மகள் சிரித்தாள். மனைவி கதவோரம் இருந்த பையைத் தூக்கிவந்து துணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். நான் அடுப்பில் மறுபடி தண்ணீரை வைத்தேன்.