ஆள் இடிக்கிற உத்தியோகம்

எங்கள் வீட்டுப் பின்தோட்டத்து அறையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவருடைய உத்தியோகம் ஆட்களை இடிப்பது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கனடாவில், பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடுகிற ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவர். அதிலும் டிஃபென்ஸ்மன். கோல் போட வருகிறவனைப் பின்னால் நின்று மறிக்க வேண்டும். மறிபடாவிட்டால் ஆளைச் சேர்த்துச் சுவரோடு சாத்த வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவர் செய்த ஒரே வேலை அதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உலகத்தின் தென்கோடிக்கு வந்து, சான்ட்ரிங்ஹாமில் வீடு வாங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். என் கணவர் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே மனுரேவாப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றினார். அறைக்கு ஆள் தேடியபோது, அந்த ஆட்டம் நடக்கிற ஐஸ் ரிங்கில் இருந்து இவரை அனுப்பினார்கள். எங்கள் குளிர்காலத்தில்தான் கனடாவில் கோடை, அங்கே விளையாட்டு இல்லாத காலம். அதனால் பிள்ளைகளுக்குப் பழக்கவும், உள்ளூர் அணிக்கு ஆடவும் வந்திருந்தார்.

வாசலில் நின்றவரைப் பார்த்ததும் நான் ஒரு அடி பின்னால் போனேன். நிலைக்குத் தலை இடிக்கிற உயரம். முன்பல் இரண்டு இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இஞ்சேருங்கோ, உந்த ஆளை வீட்டுக்குள்ள விடுறதோ?" என்று கணவரின் காதுக்குள் கேட்டேன். அவரோ, "பாவமப்பா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிக்கிறான், பாரும்" என்றார். உண்மைதான். எங்கள் செருப்புகளைப் பார்த்து, சொல்லாமலே தன்னுடையதையும் கழற்றி வரிசையில் வைத்திருந்தார். அறை கொடுத்துவிட்டேன்.

வயது முப்பத்துமூன்று. எனக்குத் தம்பி வயது, அதனால் தம்பி என்றே கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு வருகிற எல்லோரும் என்னை அக்கா என்பதைக் கேட்டு அவரும் அக்கா என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் என்னவோ அது எங்கள் தமிழாகவே இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். அப்போது எங்களுக்கு இங்கே கோயில் இல்லை. முறை வைத்து வீடு வீடாகக் கூடுவோம். எங்கள் வீட்டில் சனம் உட்காரப் பெரிய ஹோல் இருந்ததால் அநேகமாக எங்கள் முறைதான். தேவாரம் முடிந்ததும் வடை, கடலை, மோதகம். வடை வாசம் தோட்டத்து அறைக்குப் போகாமல் இருக்குமா? முதல் வெள்ளியே மனிதர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தாரே தவிர, வலது காலை நீட்டி, பாதம் நேராகக் குத்துவிளக்கைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்! தேவாரம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே போய், "தம்பி, சாமிக்கு நேர காலை நீட்டுறதே? மடக்கு" என்றேன்.

"மடங்காது அக்கா" என்றார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே உயர்த்திக் காட்டினார். நீளத் தையல் ஒன்று கம்பளிப்பூச்சி மாதிரி ஓடியது. போன பருவத்தில் உடைந்து, வெட்டித் தைத்த முழங்கால்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் இளகியிருப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மடங்குற அளவுக்கு மடக்கு. வாற கிழமை இன்னும் கொஞ்சம் மடக்கு" என்று சொல்லிவிட்டு வடைத்தட்டை நீட்டினேன்.

மனிதர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. பிறகு சம்மணம் கட்டினார். ஆனால் எழும்பும்போது இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, கிழவர் மாதிரி முனகினார். "கை ஊண்டாமல் எழும்பு! எங்கட எண்பது வயசு மாமியே ஊண்டுறேல்லை" என்று எல்லோர் முன்னாலும் கத்துவேன். சனம் சிரிக்கும், அவரும் சிரிப்பார். பிசியோதெரபிக்காரர் கொடுத்த பயிற்சியால்தான் கால் தேறியது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். சொல்லட்டும்.

ஒருநாள் அவருடைய ஆட்டம் பார்க்கப் போனோம். குடுவையில் தேத்தண்ணியும் கொண்டுபோனேன். ரிங்குக்குள்ளே குளிர் எலும்பில் ஏறியது. ஒரு பொடியன் வேகமாக வந்தான். எங்கள் தம்பி குறுக்கே போய் ஒரு இடி! சுவர் முழுக்க அதிர்ந்தது. என்னை அறியாமல் எழும்பி, "டேய், ஆர் பெத்த பிள்ளையடா அது! விடடா!" என்று தமிழில் கத்திவிட்டேன். கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்தினார். ஆட்டம் முடிந்து பார்த்தால், இடித்தவரும் இடிபட்டவரும் தோளில் கை போட்டபடி வந்து என் தேத்தண்ணியைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். என்ன விளையாட்டோ, எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் மனதைத் திறந்தார். கனடாவில் அவருடைய பழைய அணி அவரைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முழங்காலை நம்பவில்லை. டொக்டர் கடிதம் அனுப்பியும் பதில் இல்லை. இனி எந்த நாளிலும் அந்த அணியின் மானேஜர் எங்கள் வீட்டு ஃபோனுக்கு எடுக்கலாம். ஓம் என்றால் இன்னொரு வருடம், இல்லை என்றால் அதோடு சரி. "எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாது அக்கா" என்றார். என் கணவர் கறிச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். தெரிந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டி தூக்குகிறவருக்கு அது விளங்காமல் இருக்குமா? "எடுப்பாங்கள், சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அழைப்பு ஒரு சனிக்கிழமைக் காலையில் வந்தது. தம்பி ரிங்கில் பிள்ளைகளுக்குப் பழக்கப் போயிருந்தார். நான் எடுத்தேன். மானேஜர்தான். ஆள் இல்லை என்றதும் வைக்கப்போகிறார் என்று பார்த்தால், "நீங்கள்தானா வீட்டுக்காரி? ஆள் எப்படி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை தரம் பதில் சொல்லியிருக்கிறேன்! கலியாணம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க எனக்குத்தான் ஃபோன் எடுப்பார்கள். என் வாயால் நல்ல பெயர் வாங்கிய பொடியன்மார் மனுரேவாவிலும் இருக்கிறார்கள், மெல்பேணிலும் இருக்கிறார்கள். ஆகவே முதுகை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினேன். தங்கமான பிள்ளை. குடி இல்லை. போட்டதைச் சாப்பிடும். தட்டைத் தானே கழுவும். "சண்டை சச்சரவுக்குப் போகாது. சிலந்தியைக்கூட அடிக்காது, கோப்பையால் மூடித் தோட்டத்தில் கொண்டுபோய் விடும்." அந்த ரிங்கில் நடந்த இடியை மறந்தும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் குறையைச் சொல்வார்களா?

மறுமுனையில் மானேஜர், "சிலந்தியைக்கூடவா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற என் கணவர் தலையில் கை வைத்தார். "விசரோ உமக்கு? ஆளை இடிக்கத்தானப்பா அவனுக்குச் சம்பளமே! இடிக்கமாட்டான் எண்டு சொன்னால் ஆர் எடுப்பாங்கள்?"

ஐயோ என்று ஆகிவிட்டது. ஒரு மனிதனுடைய பிழைப்பு முழுக்க என் வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நானோ சிலந்திக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று அவசரமாகச் சொன்னேன். "அது வீட்டில்! ரிங்கில் ஒரு பிள்ளையை இடித்த இடியில் நான் எழும்பிக் கத்தினேன். தாய்க்காரி பார்த்திருந்தால் பொலிசுக்குப் போயிருப்பாள்."

அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்த முழங்கால்?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. "நேற்று வெள்ளிக்கிழமை. ஒரு மணித்தியாலம் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். இரண்டு கையிலும் வடைத்தட்டு. கையை ஊன்றாமல் அப்படியே எழும்பினார். ஒரு வடை விழவில்லை" என்றேன்.

"திரும்பச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். சம்மணம் என்றால் என்ன என்று கேட்டார். எந்தக் கால் மேலே, எந்தக் கால் கீழே என்று விளங்கப்படுத்தினேன். "டொக்டர்மார் எனக்கு ஆயிரம் எழுதுவார்கள்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தம்பி வந்ததும் தனக்கு ஃபோன் எடுக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் தம்பி ஃபோனை வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சமையலறையைச் சுற்றினார். "இறக்கடா, கறி அடிப்பிடிக்குது!" என்று கத்தினேன். என் கணவர் வாசற்கதவில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் விமானம் ஏற்றிவிட்டோம். பயணப்பைக்குள் பருத்தித்துறை வடைப் பொட்டலம் இரண்டு வைத்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பின்வரிசையில் ஒரு இடம் பெரிதாகக் காலியாக இருந்தது. அவர் விளையாடுகிறாரா, திரும்ப முழங்காலை உடைத்துக்கொண்டாரா என்று ஒரு சேதியும் இல்லை. எனக்கு உள்ளூரப் பயம்தான். சம்மணம் கட்டுவது வேறு, அந்த இடியைத் தாங்குவது வேறு அல்லவா? என் பேச்சை நம்பித்தானே எடுத்தார்கள்!

ஒரு ஞாயிறு மத்தியானம், நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. முதல் ஆட்டம் இப்போதுதான் முடிந்ததாம். பின்னால் ஒரே இரைச்சல்.

"இரண்டு பேர் சேர்ந்து இடிச்சவங்கள் அக்கா. விழுந்திட்டன். ரிங்கில ஒரு சத்தமில்லை. மானேஜர் எழும்பி நிண்டு என்ர காலையே பாத்தார்."

"பிறகு?" என்றேன்.

"கை ஊண்டேல்லை அக்கா."