கொட்டிப்போட்ட சீம்பால்

டெல்சிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். அன்று மத்தியானம் கீரிப்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் கழுவிய கழுவைப் பார்த்துப் புருஷன் ஞானசிங் அடுக்களைப் பக்கமே போகவில்லை.

டெல்சி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கல்யாணமாகி வந்த நாள்முதல் விடியுமுன் மரத்தில் பால் எடுப்பதும், வீட்டுக்கு வந்து ஆட்டில் பால் எடுப்பதுமாகத்தான் அவள் காலம் ஓடியது. இப்போது அவளிடம் இருப்பது கருப்பி என்கிற ஆடு ஒன்றுதான். நிறைசினை. இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்தி மடியை வற்றவிட்டிருந்தாள். பாலைக் கறக்காமல் விடுகிறாளே, பைத்தியமா என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். பெறப்போகிற உடம்புக்கு ஓய்வு வேண்டாமா?

அன்று காலை அவள் வேலைக்குப் போனபிறகு, ஆட்டோ ஓட்டுகிற ஞானசிங் தொழுவுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். மடி வீங்கிக் காம்பு விறைத்து நிற்கிறது. ஒரு பீச்சு பீச்சினான். மஞ்சளாகக் கொழகொழவென்று வந்தது. சீழ் என்று முடிவு கட்டிவிட்டான் மகாராசன். அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பானா? ஆட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு காம்பையும் ஒட்டக் கறந்து வாழைமூட்டில் கொட்டிவிட்டு, அவள் வந்ததும் அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

சீம்பாலைக் கொண்டுபோய்க் கொட்டினானே, பாவி! பிறக்கிற குட்டியின் உடம்பில் நோயைத் தாங்குகிற சத்து கிடையாது. தாய்தான் தன் இரத்தத்திலிருந்து அதை வாரக்கணக்கில் மடிக்குள் இறக்கிச் சேர்த்து வைக்கிறாள். குட்டியின் குடலும் முதல் நாள் மட்டுமே அதை அப்படியே உள்ளே விடும். அப்புறம் கதவு சாத்தியது சாத்தியதுதான். கறந்து கொட்டினால் மறுநாளே அதே மாதிரி ஊறுகிற சரக்கா அது?

மறுநாள் காலையில் கருப்பி இரண்டு குட்டி போட்டது. டெல்சி உள்ளங்கையில் பாலைப் பீச்சிப் பார்த்தாள். வெளுத்த, நீர்த்த பால். சின்னக் குட்டிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

வேலிக்கு அப்பால் அடுத்த விளையில் இருக்கும் பகவதியம்மாள் வீட்டு ஆடும் அன்று காலைதான் ஈன்றிருந்தது. ஒற்றைக் குட்டி, அதனால் சீம்பால் மிச்சமிருக்கும். ஆனால் கருப்பி அவர்களுடைய மரச்சீனிக்கிழங்குச் செடியைத் தின்ற நாள்முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. டெல்சி போகவில்லை. கொட்டினவனே போய்க் கேட்கட்டும் என்று செம்பை அவன் கையில் கொடுத்தாள்.

பகவதியம்மாள் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவிக்க அடுப்பு மூட்டியிருந்தாள். வேலிக்கு வெளியே நின்ற ஞானசிங்கையும் அவன் ஆட்டையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, அவிக்க வைத்திருந்த பாலில் பாதியைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

பெரிய குட்டி பால்புட்டியை முட்டி முட்டிக் குடித்தது. சின்னதுக்கு டெல்சி விரலால் தொட்டுத் தொட்டு வாயில் வைத்தாள். வெகுநேரம் கழித்து அது ஒரு மடக்கு விழுங்கியது. ஞானசிங்குக்கு உயிர் வந்தது. தெரியாமல் செய்ததுதானே, அதற்குப் போய் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று சிரித்தான்.

டெல்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம ஜெஸ்பின் பிறந்தப்போ உங்க அம்மை எனக்க முதப்பாலைப் பிழிஞ்சு களஞ்சா. அது கெட்ட பாலாம். பிள்ளைக்குச் சீனித்தண்ணி குடுத்தா. பத்து நாளு தாண்டுமுன்ன பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்து சாகப் பாத்துது."

"அன்னைக்கு நீ வாய் திறந்து மிண்டாமத்தானே கிடந்தே?" என்றான் ஞானசிங்.

"மிண்டினேன். உங்களைத்தான் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மைக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு கேட்டுட்டு, கதவைச் சாத்திட்டுப் போனீங்க."