மச்சானின் மூன்று கோடைகள்

அந்தத் தை மாதக் கோடை லீவில் ஓடைக்கரையில் மச்சான் நின்றார். அவருடைய மனைவி நின்றார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் மனைவி நின்றாள். மச்சானுக்கு அவள் ஒரே தங்கை. நான் நின்றேன். வேறு ஒருவரும் இல்லை. மெல்பேர்னில் இருந்து காரில் நாலு மணித்தியாலம், மலைக்கு மேலே. அங்கே கூடாரம் அடித்திருந்தோம். எழுபத்தாறாம் ஆண்டு.

மச்சான் எஞ்சினியர். நான் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இரண்டு பேரும் ஒரே கடற்கரையில் பிறந்தவர்கள்தான். அவருடைய தகப்பன், சித்தப்பன்மார், என் தகப்பன், நான், எல்லாரும் கடலுக்குப் போனோம். மச்சானை மட்டும் விடவில்லை. படிக்கிற பிள்ளை என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் தன் கையால் ஒரு மீன் பிடித்ததில்லை. ஊருக்குப் போனால் கிழவர்கள் கேட்பார்கள், "எஞ்சினியர் தம்பிக்கு மீனைக் கறிச்சட்டியிலதான் தெரியும் போல?" மச்சான் சிரிப்பார். பிறகு எழும்பிப் போய்விடுவார். அது அவரை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும்.

மெல்பேர்னில் கந்தோரில் கூட வேலை செய்கிற ஆட்கள் அவருக்கு இந்த மலை ஓடை மீன்பிடியைச் சொல்லிக் கொடுத்தார்கள். புழு இல்லை, இறால் இல்லை. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டியிருக்கும். அதைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனை ஏமாற்ற வேண்டும். மச்சான் தடி வாங்கினார். புத்தகம் வாங்கினார். இடுப்பு வரைக்கும் வருகிற ரப்பர் சப்பாத்து வாங்கினார். பின்வளவுப் புல்லில் எறிந்து பழகினார். ஓடைக்கும் போனார், ஏரிக்கும் போனார். இது மூன்றாவது கோடை. ஒரு மீன் இல்லை. மாசியில் அவர் டார்வினுக்கு மாறிப் போகவேண்டும். புயல் விழுத்திய ஊரைத் திரும்பக் கட்டுகிற வேலை. அந்த வெக்கையில் ட்ரவுட் கிடையாது. அவருக்கு மிச்சம் இருந்தது இந்த மூன்று நாள்தான்.

முதல் நாள் பூச்சிகள் எல்லாம் மரத்தில் தொங்கின. எறிவதற்கு நூலைப் பின்னால் வீசும்போது யூக்கலிப்டஸ் கிளை பிடித்துக்கொள்ளும். நான் ஏறி எடுத்துக் கொடுப்பேன். "மரத்தில ஏதும் மீன் இருக்கோ?" என்று அக்கா கேட்டார். "அண்ணை, மீனுக்கெண்டு நான் குழைச்ச மிளகாய்த்தூள் காயுது" என்றாள் என் மனைவி. மச்சான் அடுத்த பூச்சியை நூலில் கட்டினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று எழும்பியது. புல்லில் இருந்த வெட்டுக்கிளிகள் தண்ணீரில் விழத் தொடங்கின. அப்போதுதான் கண்டேன். எதிர்க்கரை நிழலில், ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, நீளமாக ஒரு கறுப்பு. விழுகிற ஒவ்வொரு வெட்டுக்கிளிக்கும் அது மேலே வந்து போனது. கடலில் எவ்வளவோ பார்த்தவன் நான். ஆனாலும் மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மச்சான், அந்த நிழலுக்கு மேல்பக்கமா எறியுங்கோ. தண்ணி கொண்டு போகும்."

"எங்கை? எங்கை?"

"கதையாதேங்கோ. எறியுங்கோ."

எறிந்தார். பூச்சி பஞ்சு மாதிரி விழுந்தது. மிதந்து மிதந்து நிழலுக்குள் போனது. தண்ணீர் வெடித்தது. தடி வில்லாக வளைந்தது, நூல் சுற்றியிருந்த ரீல் அலறியது, மச்சானும் அலறினார். மீன் ஒருதரம் வெளியே பாய்ந்தது. ஒரு முழம் இருக்கும். வயிறு மஞ்சள். "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்று அக்கா கரையில் ஓடினார்.

பிறகு நடந்தது என் பிழை. மீன் ஒரு விழுந்த மரத்தின் பக்கம் ஓடியது. எங்கள் கடலில் கயிறு ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கை சும்மா இருக்காது. நான் உடுப்போடு பாய்ந்தேன். நூலை உள்ளங்கையில் சுற்றி இழுத்தேன். அந்த நூலின் நுனியில் இருக்கிற தங்கூசி, நைலான் இழை, தலைமயிர் தடிப்புத்தான். தடி வளைந்து கொடுப்பதால்தான் அது தாங்குகிறது. என் கை வளைந்து கொடுக்கவில்லை. டிக் என்றது. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில், வெறும் நூலோடு நின்றேன்.

"நீர் ஏன் தொட்டனீர்?" என்றார் மச்சான். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாப்பாட்டுக்கு டின் மீன் உடைத்தோம்.

மூன்றாம் நாள் விடிய நான் காருக்குள் போய் இருந்துகொண்டேன். மச்சான் வந்து கதவைத் திறந்தார்.

"இறங்கும். மீனை ஆர் காட்டுறது?"

"என்ர கை சும்மா இராது மச்சான்."

"அப்ப கட்டுவம்."

பகிடி என்று நினைத்தேன். என் மனைவி சால்வையோடு வந்து, என் இரண்டு கையையும் பின்னுக்கு இறுக்கிக் கட்டினாள். "இனி வாயால மட்டும் பிடியுங்கோ" என்றாள். நான் அப்படியே கரையில் நடந்தேன். மோவாயை நீட்டி, நாடியால் மீன் நிற்கிற இடத்தைக் காட்டினேன். மச்சான் எறிந்தார். ஒன்றும் இல்லை. அடுத்த மடு. ஒன்றும் இல்லை. கூடாரம் கழற்றுகிற நேரமும் வந்துவிட்டது.

கடைசி மடுவில் சின்னதாக ஒரு வட்டம் விரிந்தது. நாடியை நீட்டினேன். எறிந்தார். எடுத்தது.

அது ஓடியது, திரும்பியது, என் காலடிக் கல்லுக்குக் கீழே நுழைந்தது. தொடுகிற தூரம். சால்வை என் மணிக்கட்டை வெட்டியது. மச்சான் ஓட விட்டார், சுற்றினார், திரும்ப ஓட விட்டார். முழங்கால் இரண்டையும் கல்லில் ஊன்றி, தன் தொப்பியால் அள்ளினார். பிறகு தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். "பிடிச்சிட்டன்" என்றார், மெதுவாக, தங்கையைப் பார்த்து. அவள் அழுதாள். அக்கா சிரித்தார். என் கையை அவிழ்க்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. அந்த முடிச்சு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது.

"இப்ப தொடும்" என்றார் மச்சான். தொட்டேன். கை வைத்து அளந்தேன்.

இன்றைக்கு மச்சான் மெல்பேர்னில்தான் இருக்கிறார். தடி எடுக்கக் கை நடுங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மீனின் கதையை என்னைத்தான் சொல்லச் சொல்வார். நூலை அறுத்துத் தவறவிட்ட பெரிய மீனை நினைத்து நான் எப்போதும் இரண்டு சாண் என்பேன். அவர் விடமாட்டார். "கூட்டாதையும். அது நான் பிடிச்ச மீன். உள்ளதைச் சொல்லும்."

ஒரு சாண், நாலு விரல்.